18 வெள்ளி ரெடிமேட் ஃபோலியோ: பைண்டிங் அருமை, உள்ளே எல்லாப் பழியும் ஒருத்தன் தலையில்

பள்ளிப் பிள்ளைகள் ஒரு தலைப்பில் தாங்களே தயாரித்துக் கொடுக்க வேண்டிய ஏட்டுக்கு ஃபோலியோ என்று பெயர். அதை ரெடிமேடாகச் செய்து விற்பது இப்போது மலேசியாவின் தோட்டப்புறப் பட்டணங்களில் நல்ல வியாபாரம். சுங்கை சிப்புட்டில் பேருந்து நிலையத்துக்குப் பின்வரிசையில் இருக்கும் ஃபோட்டோஸ்டாட் கடையிலும் அது நடக்கிறது. கடைப் பெயரைப் போடவில்லை. ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும். வெளியூர்க்காரர்கள் இதற்காக வண்டி ஏறி வரப்போவதும் இல்லை. என் மகள் படிவம் நான்கு. வரலாற்றில் உலகப் போரும் ஜப்பான்காரன் காலமும் வருகிறது. அதையொட்டி நாஜி வதைமுகாம்களும் யூத இன அழிப்பும் அவள் குழுவுக்குத் தலைப்பாக விழுந்திருக்கிறது. "எல்லாரும் அங்கதாம்பா வாங்குறாங்க" என்று 18 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ஒன்றை வாங்கி வந்துவிட்டாள்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தாள் தடிமன், விரல் பட்டால் மடங்கவில்லை. வண்ணப் பிரிண்ட் பளிச்சென்று இருக்கிறது, மை ஒட்டவில்லை. ரிங் பைண்டிங் சுத்தம், பக்கம் புரட்டும்போது எங்கேயும் சிக்கவில்லை. மாணவர் பெயர், பள்ளிப் பெயர், ஆசிரியர் பெயர் எல்லாம் முதல் பக்கத்தில் அவர்களே அடித்துத் தருகிறார்கள், அதற்குத் தனிக் காசு இல்லை. இந்த விலைக்கு ஈப்போவில்கூட இப்படிக் கிடைக்காது. மலாயில் எழுதியிருக்கிறது; எழுத்துப்பிழை அதிகம் இல்லை.

பிரச்சினை என்னவென்றால், ஃபோலியோவைக் கொடுத்துவிட்டு வந்துவிட முடியாது. வகுப்பில் நின்று பேச வேண்டும், மற்றப் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். அந்தக் கேள்விகளுக்கு இந்த 18 வெள்ளி தாங்குமா என்பதுதான் எனக்கு முக்கியம். நான் செம்பனை ஆலையில் லாரி நிறுக்கும் இடத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. ராத்திரி ஷிப்டில் ஒரு குலை லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே நிறைய நேரம் கிடக்கும். மற்றவர்கள் கைப்பேசியில் பந்து பார்ப்பார்கள், நான் போர் வரலாறு படிப்பேன். அதனால் சிவப்புப் பேனாவோடு ஃபோலியோவை வேலைக்கு எடுத்துப் போனேன்.

அட்டையிலேயே பேனா நின்றுவிட்டது. ஹிட்லரின் பெரிய படம். அதற்குக் கீழே, யூதர்களில் சிலரை மட்டும் உயிரோடு விட்டுவைத்தேன், மற்றவர்களை ஏன் கொன்றேன் என்று உலகம் பிறகு புரிந்துகொள்ளட்டும் என்கிற மாதிரி ஒரு வரி. வாட்ஸ்அப் வைத்திருக்கும் ஒவ்வொரு மலேசியத் தமிழனுக்கும் இது ஒரு தடவையாவது வந்திருக்கும். அவன் பேச்சிலும் இல்லை, எழுத்திலும் இல்லை. யாரோ கட்டிவிட்டது. பள்ளிக்குக் கொடுக்கும் ஏட்டின் முகப்பில், கொன்றவனுக்கு நியாயம் சொல்லும் ஒரு பொய் மேற்கோள். பிள்ளைகள் கவனிக்க மாட்டார்கள், பெற்றோர் பைண்டிங்கைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அடுத்தது கணக்கு. ஆஷ்விட்ஸ் வதைமுகாம் ஜெர்மனியில் இருந்ததாம், 60 லட்சம் யூதர்களும் அங்கேதான் செத்தார்களாம். இரண்டும் தப்பு. ஆஷ்விட்ஸ் இருந்தது ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த போலந்தில். அங்கே கொல்லப்பட்டவர்கள் சுமார் 11 லட்சம் பேர், அதில் சுமார் 10 லட்சம் பேர் யூதர்கள். மிச்சம் போலந்துக்காரர்கள், ரோமா நாடோடிகள், சோவியத் போர்க்கைதிகள். அந்த 60 லட்சம் என்பது ஐரோப்பா முழுவதற்குமான கணக்கு. ட்ரெப்லிங்கா, பெல்ஷெட்ஸ், சோபிபோர், ஹெல்ம்னோ என்று கொல்வதற்கென்றே அமைத்த இடங்கள் தனியாக இருந்தன, எல்லாமே போலந்து மண்ணில். அதற்கு வெளியே ஏறக்குறைய 20 லட்சம் பேரைக் குழிக்கரையில் நிறுத்திச் சுட்டே கொன்றிருக்கிறார்கள். கீவ் நகரத்துக்குப் பக்கத்தில் பாபின் யார் பள்ளத்தாக்கில் 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாளில் 33,771 பேர். இந்த எண்ணை எதிரிகள் யாரும் எண்ணிச் சொல்லவில்லை. சுட்டவர்களே எண்ணி பெர்லினுக்கு அறிக்கை அனுப்பியிருக்கிறார்கள்.

எல்லா முகாமிலும் விஷவாயு அறை ஓடியது என்பது அடுத்த தப்பு. முதல் பெரிய முகாம் டக்காவ், மியூனிக் பக்கத்தில், 1933 மார்ச்சில் திறந்தது. ஹிட்லர் பதவிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அங்கே முதலில் அடைக்கப்பட்டவர்கள் கம்யூனிஸ்டுகள், சோசியல் டெமாக்ரட்டுகள், தொழிற்சங்கக்காரர்கள். ஒளிந்திருந்தபோது நாட்குறிப்பு எழுதிய ஆன் ஃபிராங்க் என்ற பெண்பிள்ளை 1945இல் செத்துப்போன பெர்கன்-பெல்சனில் வாயு அறையே கிடையாது. பசியும் டைஃபஸ் காய்ச்சலும்தான் அங்கே ஆளை முடித்தது. கையில் எண் பச்சை குத்துவது ஆஷ்விட்ஸில் மட்டும் இருந்த வழக்கம். அங்கேயும் ரயிலில் இருந்து இறக்கி நேராக வாயு அறைக்கு அனுப்பியவர்களுக்குப் பச்சையும் இல்லை, பதிவேட்டில் பெயரும் இல்லை. கிழவர்கள், சின்னப் பிள்ளைகள், பிள்ளையைக் கையில் வைத்திருந்த தாய்மார்கள் எல்லாம் இந்தக் கணக்கில் சேர்ந்தவர்கள்.

சரி, எண்ணைத் திருத்திவிடலாம். ஃபோலியோவின் பெரிய குறை வேறு. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 'ஹிட்லர் கொன்றார்', 'ஹிட்லர் அடைத்தார்', 'ஹிட்லர் எரித்தார்'. ஒரு ஆள் தனியாக நின்று ஐரோப்பா முழுவதையும் காலி பண்ணியது போல எழுதியிருக்கிறது. நம் ஊரிலும் அப்படித்தானே பேசுகிறோம்? கொஞ்சம் கண்டிப்பான மேனேஜர் வந்தால் 'அவன் ஒரு ஹிட்லர்' என்கிறோம். அப்படிச் சொல்லிச் சொல்லியே அவனுக்குக் கீழே வேலை பார்த்தவர்களை எல்லாம் மறந்துவிட்டோம்.

வான்சே கூட்டத்தைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. ஹிட்லர் கூட்டம் போட்டு யூதர்களைக் கொல்ல முடிவெடுத்தார் என்று தலைப்பு. 1942 ஜனவரி 20, பெர்லினில் ஏரிக்கரை ஓரத்து மாளிகை ஒன்றில் நடந்த அந்தக் கூட்டத்தில் ஹிட்லரே இல்லை. வந்தவர்கள் 15 அதிகாரிகள். பலர் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். நாஜிப் பாதுகாப்புப் போலீஸ் தலைவன் ஹைட்ரிஷ் தலைமை தாங்கினான், அவனுக்குக் கீழே இருந்த அதிகாரி ஐக்மன் குறிப்பு எழுதினான். ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. நாடு வாரியாகப் பட்டியல் போட்டு ஒரு கோடியே பத்து லட்சம் யூதர்கள் என்று கூட்டிவைத்திருந்தார்கள். கொலை அதற்கு முன்னாடியே ஆரம்பித்துவிட்டது. பாபின் யாரும் ஹெல்ம்னோவும் 1941இலேயே நடந்தவை. எந்த இலாகா எதைக் கவனிப்பது என்று பேசிக்கொள்ளத்தான் இந்தக் கூட்டம்.

இதை ஒரு கிராணியாகப் படிக்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும் இடம் ஒன்று உண்டு. சாகப் போகிறவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு ஜெர்மன் ரயில்வே டிக்கெட் காசு வாங்கியிருக்கிறது. மூன்றாம் வகுப்புக் கட்டணம், ஒரு வழி மட்டும். பத்து வயதுக்குக் கீழே பாதிக் கட்டணம், நான்கு வயதுக்குக் கீழே இலவசம். நானூறு பேருக்கு மேல் போனால் குழுத் தள்ளுபடி. காவலுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் போக வர. காசு கட்டியது நாஜிப் போலீஸ். ஆட்களை அடைத்ததோ மாடு ஏற்றுகிற மாதிரி மூடிய சரக்குப் பெட்டியில். இந்தப் பில்லை எழுதியவன் யாரையும் அடித்திருக்க மாட்டான். சாயங்காலம் மேசையைச் சுத்தம் பண்ணிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பான். ஃபோலியோவில் இவனுக்கு ஒரு வரி இல்லை.

"ஏம்பா அவங்க ஓடிப்போகலை?" என்று மகள் கேட்டாள். வகுப்பிலும் முதல் கேள்வி இதுதான் வரும். ஓடத்தான் பார்த்தார்கள். 1933இல் ஜெர்மனியில் இருந்த யூதர்கள் சுமார் 5 லட்சம், நாட்டு மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அதில் பாதிக்கு மேல் போர் தொடங்குவதற்குள் வெளியேறிவிட்டார்கள். மிச்சப் பேரை யார் சேர்த்துக்கொள்வது? 1938 ஜூலையில் எவியன் என்ற ஊரில் 32 நாடுகள் கூடிப் பேசின. டொமினிக்கன் குடியரசைத் தவிர அநேகமாக எல்லாரும் அனுதாபம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அடுத்த வருஷம் செயின்ட் லூயிஸ் என்ற கப்பல் 937 பயணிகளோடு கியூபா வரைக்கும் போனது. அங்கே சிலரைத்தான் இறக்கவிட்டார்கள். அமெரிக்காவும் விடவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது, அதில் வந்தவர்களில் 254 பேர் பிறகு கொல்லப்பட்டார்கள். அதைவிட முக்கியம், கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஜெர்மனிக்காரர்களே இல்லை. போலந்தில் மட்டும் சுமார் 30 லட்சம் யூதர்கள். அவர்கள் ஊருக்கு ஜெர்மன் ராணுவம் தேடிக்கொண்டு வந்தது.

எதிர்த்துச் சண்டை போடவில்லையா என்ற கேள்விக்கு ஃபோலியோ 'இல்லை' என்றே எழுதிவிட்டது. போலந்துத் தலைநகர் வார்சாவில் யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதிக்குக் கெட்டோ என்று பெயர். அந்த வார்சா கெட்டோவில் 1943 ஏப்ரல் 19 அன்று கைத்துப்பாக்கியும் பெட்ரோல் குண்டும் வைத்துக்கொண்டு எழுந்தவர்கள் ஏறக்குறைய ஒரு மாதம் தாக்குப்பிடித்தார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் ட்ரெப்லிங்காவிலும் அக்டோபரில் சோபிபோரிலும் கைதிகள் கலகம் பண்ணினார்கள். 1944 அக்டோபர் 7 அன்று ஆஷ்விட்ஸ் பிணச் சுடுகூடம் ஒன்றுக்கே தீ வைத்தார்கள். ஒரு வரி போட்டிருக்கலாம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை என்று சொல்கிற ஆள் ஒவ்வொரு சாப்பாட்டுக்கடை மேசையிலும் உண்டு. எங்கள் ஆலையிலேயே இருக்கிறார். அவருக்கு நான் காட்டுவது ஒரு தந்தி. 1943 ஜனவரியில் ஹோஃப்லே என்ற நாஜி அதிகாரி அனுப்பியது. ட்ரெப்லிங்கா, பெல்ஷெட்ஸ், சோபிபோர், லுப்ளின் ஆகிய இடங்களுக்கு 1942 முடிய வந்து சேர்ந்தவர்கள் மொத்தம் 12,74,166 என்று அதில் இருக்கிறது. பிரிட்டிஷ்காரர்கள் அதை ஒட்டுக்கேட்டு எழுதி வைத்தார்கள், அது என்ன எண் என்று புரியாமலே கோப்பில் போட்டுவிட்டார்கள். 2000ஆம் ஆண்டில்தான் ஆய்வாளர்கள் கண்ணில் பட்டது. பிரச்சாரத்துக்குக் கட்டியிருந்தால் ஐம்பது வருஷம் அலமாரியில் தூங்க விடுவானா?

செத்தவர்கள் பக்கத்திலும் சாட்சி இருக்கிறது. வார்சா கெட்டோவுக்குள் ரிங்கல்ப்ளும் என்ற வரலாற்றாசிரியர் ஒரு ரகசியக் கூட்டம் சேர்த்து, உள்ளே நடப்பதை எல்லாம் எழுதி வைக்கச் சொன்னார். ரேஷன் சீட்டு, பள்ளிக் கட்டுரை, போஸ்டர், பிள்ளைகளின் கடிதம், எதையும் விடவில்லை. தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் அடைத்துப் புதைத்தார்கள். நம் பெரியவர்கள் தோட்டத்து ஸ்டோருக்கு ரப்பர் பால் தூக்கிப்போன கேன் இருக்கிறதே, பார்ப்பதற்கு அதே மாதிரிதான். ரிங்கல்ப்ளுமை 1944இல் குடும்பத்தோடு கொன்றுவிட்டார்கள். தகரப் பெட்டிகள் 1946இல் கிடைத்தன, பால் கேன் இரண்டு 1950இல்.

இப்போது பதினேழாம் பக்கத்துப் படத்துக்கு வருகிறேன். 'ஆஷ்விட்ஸ் கைதிகள்' என்று போட்டிருக்கிறது. எலும்பும் தோலுமாக நான்கு பேர், இடுப்பில் கோவணம், பின்னால் மூங்கில் கட்டிடம், அத்தாப்பு ஓலைக் கூரை. போலந்துக் குளிரில் அத்தாப்பு ஏது? அது சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பான்காரன் கைதிகளையும் தொழிலாளிகளையும் வைத்துப் போட்ட மரண ரயில் பாதையில் எடுத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் படம். இணையத்தில் தேடி முதலில் வந்ததை ஒட்டியிருக்கிறார்கள். வேறு ஊரில் இது நடந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். சுங்கை சிப்புட்டில் நடக்கக் கூடாது. இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் லயத்துக்கு லயம் சயாமுக்கு ஆள் போனது. என் மனைவியின் தாத்தா போய்த் திரும்பியவர்; கூடப் போன அண்ணன் திரும்பவில்லை. 1942இல் ஆரம்பித்து 1943 அக்டோபரில் முடிந்த அந்த 415 கிலோமீட்டர் பாதையில் சுமார் 60,000 வெள்ளைக்காரக் கைதிகள் வேலை செய்தார்கள், 12,000க்கு மேல் செத்தார்கள். அவர்களுக்குக் கல்லறையும் பெயரும் இருக்கிறது. அவர்களைவிடப் பல மடங்கு செத்த ஆசியத் தொழிலாளிகளுக்கு, நம் ஆட்களுக்கு, ஒழுங்கான பட்டியல்கூட இல்லை. அந்தப் பாதையின் கதை சொல்லும் படத்தைக் கொண்டுபோய் ஆஷ்விட்ஸ் என்று ஒட்டினால் இரண்டு பக்கமும் பொய்யாகிவிடுகிறது.

இரண்டும் ஒன்றா என்று மகள் கேட்டாள். ஒன்றில்லை. ஜப்பான்காரனுக்குப் பாதை வேண்டியிருந்தது, அதற்காக ஆளைக் கொண்டுபோய்ச் சோறும் மருந்தும் இல்லாமல் சாகவிட்டான். நாஜிக்கு அந்த ஆட்கள் இருப்பதே வேண்டாம். வேலைக்கு உதவாத பிள்ளையையும் கிழவியையும் நூற்றுக்கணக்கான மைல் ரயிலில் கொண்டுவந்து கொன்றான். யார் அதிகம் பட்டது என்று போட்டி போட வேண்டியதில்லை.

நேதாஜியைப் பற்றியும் கேள்வி வரும், எழுதித் தருகிறேன். நம் பக்கத்தில் நேதாஜியின் ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவம்) படைக்குப் போன தாத்தா, அதன் பெண்கள் பிரிவான ஜான்சிராணிப் படைக்குப் போன பாட்டி என்று சொல்லும் குடும்பங்கள் உண்டு. 'நேதாஜியே ஹிட்லரிடம் கைகுலுக்கினாரே, அவன் அவ்வளவு கெட்டவனா?' என்று பெரியவர்களே கேட்பார்கள். 1942 மே 29 அன்று சந்தித்தது உண்மை. பிரிட்டிஷ்காரனை விரட்ட உதவி கேட்டுப் போனார். பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. 1943இல் நீர்மூழ்கியில் ஏறிக் கிழக்கே வந்துவிட்டார். அந்தக் கைகுலுக்கலால் முகாம்கள் நல்லதாகிவிடாது. முகாம்கள் இருந்ததால் நம் தாத்தா பாட்டி சுதந்திரத்துக்குப் போனதும் கேவலமாகிவிடாது. ஃபோலியோ இந்தப் பக்கமே போகவில்லை. போகாததே நல்லது என்று நினைக்கிறேன், அட்டையைப் பார்த்த பிறகு.

ஸ்வஸ்திகா படம் ஒன்று முழுப் பக்கத்துக்குப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவு தேவையில்லை. நாஜிக் கட்சி 1920இல் அதைக் கொடியில் எடுத்துக்கொண்டது. பிள்ளையார் கோயில் வாசலில் இருப்பது அதற்குப் பல நூறு ஆண்டு மூத்தது. ஒரு வரி போதும்.

பாலஸ்தீனத்தில் பிள்ளைகள் சாகும்போது இதை ஏன் படிக்க வேண்டும் என்று வகுப்பில் ஒரு பையன் ஏற்கெனவே கேட்டிருக்கிறானாம். நியாயமான கோபம். ஆனால் 1942இல் ட்ரெப்லிங்காவில் இறங்கிய ஐந்து வயதுப் பிள்ளை எந்த அரசாங்கத்துக்கும் ஓட்டுப் போட்டதில்லை. இஸ்ரேல் என்ற நாடே 1948இல்தான் வந்தது. காஸாவுக்காக அழுகிறவன் அந்தப் பிள்ளைக்காகவும் அழலாம், கண்ணீருக்கு யாரும் ரேஷன் வைக்கவில்லை. மகளிடம் இப்படியே சொல்லச் சொன்னேன்.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கிய 1941 டிசம்பர் 8இல் ஆரம்பித்து மலாயா பக்கத்துக் காலக்கோடு ஒரு பிழையில்லாமல் இருக்கிறது. ஆஷ்விட்ஸை சோவியத் படை விடுவித்த தேதி, 1945 ஜனவரி 27, சரி. நூரம்பெர்க் விசாரணைப் பக்கமும் சரி. ஐரோப்பா வரைபடம் அழகு. ஆனால் அந்த அழகான வரைபடத்தில் ஆஷ்விட்ஸ் போலந்தில்தான் குறிக்கப்பட்டிருக்கிறது. எதிர்ப் பக்கத்தில் ஜெர்மனி. அடித்தவர் வரைபடத்தைப் பார்க்கவில்லை போல.

திருத்திய பிரதியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைத் தம்பி தங்கமானவர். "அண்ணே, நான் படிச்சது கணக்கு. யாரோ டீச்சர் பழைய ஃபைல் குடுத்தாங்க, அதைத்தான் அடிச்சு விக்கிறேன்" என்றார். கோபப்படவில்லை. அங்கேயே கணினியில் திறந்து, நான் சொல்லச் சொல்ல எண்களை மாற்றினார், அத்தாப்புக் கூரைப் படத்தைத் தூக்கினார். ஆஷ்விட்ஸ் நினைவகத்தின் இணையதளத்தையும் வாஷிங்டன் ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகத்தின் இணையக் கலைக்களஞ்சியத்தையும் காட்டினேன், இரண்டும் இலவசம். புக்மார்க் பண்ணிக்கொண்டார். அட்டை வரியையும் எடுத்துவிட்டார். படத்தை மட்டும் மாற்ற மாட்டேன் என்றார். "அவன் மூஞ்சி இருந்தாத்தாண்ணே பிள்ளைங்க இந்தத் தலைப்பை எடுக்குறாங்க."

ஆகவே என் கணக்கு இது: தாளுக்கும் பிரிண்டுக்கும் பைண்டிங்குக்கும் ஐந்துக்கு ஐந்து. சேவைக்கு ஐந்துக்கு நாலரை. அரை குறைத்தது அந்த மூஞ்சிக்கு. உள்ளடக்கம் நான் பார்த்த பதிப்பில் ஐந்துக்கு ஒன்றரை, திருத்திய பதிப்புக்கு மூன்று தரலாம். ரயில் பில் எழுதியவனுக்கு இன்னும் பக்கம் ஒதுக்கவில்லை. ஏற்கெனவே வாங்கியவர்கள் பழைய பிரதியைக் கொண்டுபோனால் தப்பான பக்கங்களை இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்னார். பிள்ளை தானே எழுதிக் கொண்டுபோனால் பைண்டிங்குக்கு மட்டும் 3 வெள்ளி 50 காசு. சனிக்கிழமை காலையில் போகாதீர்கள், சந்தைக் கூட்டத்தில் வண்டி போட இடம் கிடைக்காது.